பழி வாலேனில், பிழை ஜாம்ப்ளூவில்: மார்ஷல் குரூஷியின் கதை

1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியன் ஏன் தோற்றார் என்று பேச்செடுத்தால் சற்று நேரத்தில் ஒரு பெயர் வந்து விழும்: அவருடைய தளபதி குரூஷி. கையில் 33,000 வீரர்களை வைத்துக்கொண்டு, மேற்கே பீரங்கி முழங்குவது காதில் விழுந்தும் பேரரசரின் உதவிக்குப் போகாதவர். அந்த நேரத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்து ஸ்ட்ராபெர்ரிப் பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அவர் மட்டும் வந்திருந்தால் ஐரோப்பாவின் வரலாறே வேறு மாதிரி போயிருக்கும் என்பார்கள். இந்தச் சித்திரத்தை முதலில் வரைந்தது நெப்போலியனேதான். செயின்ட் ஹெலீனா தீவில் சிறையிருந்தபோது அவர் சொல்லி எழுதவைத்த குறிப்புகளில் தோல்வியின் பழியில் பெரும்பங்கு குரூஷியின் தலையில் விழுந்தது. பிறகு விக்தோர் ஹியூகோ அதைக் கவிதையாக்கினார். தூரத்தில் ஒரு படை வருகிறது, குரூஷிதான் என்று பேரரசர் மகிழ்கிறார், வந்ததோ எதிரியான பிரஷ்யத் (ஜெர்மானிய அரசொன்றின்) தளபதி புளூஷர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வரியாகிவிட்ட பிறகு ஒரு மனிதனின் பெயரை யார் மீட்பது?

குரூஷி தவறே செய்யாதவர் என்று வாதாட நான் வரவில்லை. தவறு செய்தார், பெரிய தவறு. ஆனால் ஊர் காட்டும் இடத்தில் அது நடக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் இங்கே நடந்திருக்கிறது. அவர் உண்மையில் தவறியது அந்தப் பீரங்கிச் சத்தத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால். அதுவும் குதிரைப்படைக்காரர் ஒருவர் தவறவே கூடாத வேலையில்.

எம்மானுவேல் தெ குரூஷி 1766 அக்டோபர் 23 அன்று பாரிஸில், நார்மண்டிப் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். பதின்பருவத்திலேயே பீரங்கிப் படையில் சேர்ந்து, பிறகு குதிரைப்படைக்கு மாறி, மன்னரின் மெய்க்காவல் படையிலும் இருந்தார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை புரட்சியின் பக்கம் நின்றதுதான் வியப்பு. அந்தக் குடும்பத்தின் காற்று அப்படி. அக்கா சோஃபி, மெய்யியலாளர் கொந்தொர்சேயின் மனைவி. தானே சிந்தனையாளர். ஆடம் ஸ்மித்தின் அறவியல் நூலைப் பிரெஞ்சில் தந்தவர். புரட்சிக் கருத்துகள் புழங்கிய அந்தச் சூழலில் தம்பி குடியரசின் படையில் சண்டை போட்டார். இருந்தும் 1793இல் 'பிரபு வம்சம்' என்ற ஒரே காரணத்துக்காகப் பதவியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மைத்துனர் கொந்தொர்சே சிறையில் இறந்தார். குரூஷியோ மறுபடி அழைக்கப்பட்டதும் அதே குடியரசுக்காக வாளெடுத்தார்.

1796 டிசம்பரில் அயர்லாந்தில் இறங்கி ஆங்கிலேயரை அடிக்க ஒரு பெரும் கப்பற்படை பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. தலைமைத் தளபதி ஓஷ் ஏறிய கப்பல் மூடுபனியில் பிரிந்துபோனது. பாண்ட்ரி விரிகுடாவை எட்டிய படைக்கு அடுத்த மூத்த அதிகாரியான குரூஷி தலைமையேற்க வேண்டியதாயிற்று. கையிலிருந்தது வந்த படையில் பாதிக்கும் குறைவு. 24ஆம் தேதி கூடிய ஆலோசனையில் இறங்கிவிடலாம் என்றே முடிவானது. அன்றிரவே காற்று திரும்பிப் புயலாக அடித்தது. கப்பல்கள் சிதறின, ஒருவரும் கரையேறவில்லை. பிற்காலத்தில் அவரை வெறுத்தவர்கள் இதையும் தோண்டியெடுத்து, "பார், அப்போதே தயங்கியவன்" என்றார்கள். டிசம்பர் மாத அட்லாண்டிக் புயலை எந்தத் தளபதி கட்டுப்படுத்துவான்?

தயங்குகிறவர் என்ற பேச்சுக்கு அவருடைய உடம்பே பதில் சொல்லும். 1799 ஆகஸ்ட் 15, இத்தாலியில் நோவி. தோற்றுப் பின்வாங்கிய பிரெஞ்சுப் படையின் பின்காவலாக நின்று, உடம்பில் 14 காயங்களோடு ரஷ்ய–ஆஸ்திரியப் படையிடம் பிடிபட்டார். பிழைத்ததே பெரிது. கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையாகி வந்தவர், 1800 டிசம்பரில் ஹோஹென்லிண்டன் களத்தில் மறுபடி நின்றார்.

அந்தக் காலக் குதிரைப்படை என்றால் நம் மனதில் வருவது வாளை உருவிக்கொண்டு பாயும் காட்சி. அது வேலையில் ஒரு பங்குதான். எதிரி எங்கே இருக்கிறான், எத்தனை பேர், எந்தச் சாலையில் போகிறான் என்று அறிந்து சொல்வதும், நம் படையின் நடமாட்டம் எதிரி கண்ணில் படாமல் திரையாக நிற்பதும், பிரிந்து நிற்கும் இரண்டு படைகளுக்கு நடுவே செய்தித் தொடர்பு அறுந்துவிடாமல் காப்பதும், தோற்றவனை விடாமல் துரத்துவதும், நாம் தோற்றால் பின்னால் நின்று அடி வாங்குவதும் அவர்கள் வேலையே. பாய்வதில் நெப்போலியனின் புகழ்பெற்ற குதிரைப்படைத் தளபதி ஜோக்கிம் முராவை மிஞ்ச ஆளில்லை. குரூஷி அவ்வளவு பளபளப்பானவர் அல்லர். ஆனால் பாய்ச்சலும் தெரியும், பின்காவலும் தெரியும். நம்பி ஒப்படைக்கலாம்.

1807 பிப்ரவரி 8, ஐலாவ். பனிப்புயல் கண்ணை மறைக்க, நடுவே நின்ற பிரெஞ்சுக் காலாட்படை சிதைந்துகொண்டிருந்தபோது, முராவின் கீழ் பத்தாயிரம் குதிரைகள் ரஷ்ய அணியைக் கிழித்துக்கொண்டு போயின. அந்தப் பாய்ச்சலில் குரூஷியின் டிராகூன் (ஒரு வகைக் குதிரைவீரர்) பிரிவும் இருந்தது. அவர் குதிரை சுடப்பட்டு விழுந்தது. எதிரிகளுக்கு நடுவே தரையில் கிடந்தவரைக் காப்பாற்றியது அவருடைய உதவி அதிகாரி, அமெரிக்க விடுதலைப் போரில் பேர்பெற்ற லஃபாயெத்தின் மகன் ஜார்ஜ். தன் குதிரையைக் கொடுத்துத் தளபதியை ஏற்றிவிட்டார் அந்த இளைஞர். நான்கு மாதம் கழித்து, ஜூன் 14, ஃப்ரீட்லாண்ட். முரா வேறு திசையில் இருந்ததால் குதிரைப்படைப் பொறுப்பு குரூஷியிடம். நெப்போலியன் வந்துசேரும்வரை மார்ஷல் லான் குறைந்த படையோடு ரஷ்யர்களைத் தாக்குப்பிடிக்க வேண்டும். இடப்புறத்தில் ஹைன்ரிக்ஸ்டோர்ஃப் கிராமத்தை மீட்டு, பெரிய எண்ணிக்கையில் வந்த ரஷ்யக் குதிரைகளை நாள் முழுக்க இழுத்துப்பிடித்து நிறுத்தியவர் குரூஷி. அன்றைய வெற்றியில் அவர் பங்கைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

மத்ரித்தின் ஆளுநர் பதவி, ராப், வாக்ராம் போர்கள் என்று அடுத்த ஆண்டுகள் போயின. 1812இல் ரஷ்யப் படையெடுப்பில் மூன்றாம் குதிரைப்படை அணியை நடத்தி, பொரோதினோவில் காயப்பட்டார். பின்வாங்கும்போது குதிரைகள் செத்துச் செத்துக் குதிரைப்படை என்பதே இல்லாமற்போனது. குதிரை மிஞ்சியிருந்த அதிகாரிகளை மட்டும் திரட்டி, பேரரசரைக் காக்க ஒரு 'புனித அணி' உருவாக்கினார்கள். தளபதிகள் அதில் கேப்டன்களாக, கர்னல்கள் அதற்கும் கீழே நின்றார்கள். அந்த அணியை நடத்தும் பொறுப்பு குரூஷிக்கு வந்தது. நம்பிக்கை இல்லாதவரிடம் உயிரைக் காக்கும் வேலையை யாரும் கொடுப்பதில்லை.

1813இல் அவர் ஒரு கோரிக்கை வைத்தார். குதிரைப்படை போதும், காலாட்படை அணி ஒன்று தாருங்கள் என்று. நெப்போலியன் மறுத்தார். குரூஷி தன் பண்ணைக்குப் போய்விட்டார். பின்னால் நடந்ததை வைத்துப் பார்க்கும்போது இந்த மறுப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலாட்படையும் பீரங்கியும் குதிரையும் சேர்ந்த பெரும்படையைத் தனித்து நடத்திப் பழக அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே வாய்ப்பு அது. போய்விட்டது.

பிரான்ஸ் மண்ணுக்குள் எதிரி நுழைந்ததும் 1814இல் மனத்தாங்கலை ஒதுக்கிவிட்டு வந்தார். பிப்ரவரி 14 அன்று வோஷான் என்ற ஊரருகே புளூஷரின் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. குரூஷி தன் குதிரைகளைச் சுற்றுவழியில் கொண்டுபோய், அந்தப் படைக்குப் பின்னால் சாலையை மறித்து நின்றார். சதுர அணிவகுப்பில் நகர்ந்த பிரஷ்ய, ரஷ்யக் காலாட்படை அவரைக் கிழித்துக்கொண்டுதான் தப்ப வேண்டியிருந்தது. குதிரைப் பீரங்கிகள் மட்டும் சேற்றில் சிக்காமல் கூடவே வந்திருந்தால் புளூஷர் அன்றே சிறைப்பட்டிருக்கலாம். வாட்டர்லூவுக்கு வந்து நெப்போலியனை முடித்துவைத்த அதே புளூஷர்தான். அடுத்த மாதம் க்ராவோனில் குரூஷிக்கு மறுபடி காயம்.

1814இல் தோற்றுப் பதவி துறந்து போன எல்பாத் தீவிலிருந்து நெப்போலியன் திரும்பியதும் தெற்கே மன்னர் தரப்புக்காகப் படை திரட்டிய ஆங்குலேம் கோமகனைப் பணியவைத்தார் குரூஷி. 1815 ஏப்ரல் 15 அன்று படையின் உச்சமான மார்ஷல் பட்டம் வந்தது. நெப்போலியன் தந்த 26 மார்ஷல் பட்டங்களில் கடைசி. நேப்பிள்ஸ் அரியணையைக் காக்க நெப்போலியனுக்கு எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிய முராவைப் பேரரசர் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் குதிரைப்படையின் மூத்த பெயர் குரூஷியுடையதாயிற்று. ஜூன் 16 அன்று லினியியில் பிரஷ்யர்களோடு மோதியபோது படையின் வலப்புறம் முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. அவருக்குக் கீழே வைக்கப்பட்ட காலாட்படைத் தளபதிகள் வாந்தாமும் ஜெராரும் இந்த ஏற்பாட்டை விரும்பவில்லை. கட்டளையிடுபவர் பழகாதவர், கேட்பவர்கள் மனமில்லாதவர்கள்.

லினியியில் பிரஷ்யர்கள் தோற்றார்கள். புளூஷரே குதிரைக்கடியில் சிக்கி மயிரிழையில் தப்பினார். ஆனால் தோற்ற படை இருளில் எந்தப் பக்கம் போனது? கிழக்கே லியேஜ் பக்கம் போயிருந்தால் ஆங்கிலேயத் தளபதி வெல்லிங்டனைத் தனியே விட்டுவிட்டுத் தன் ஊர்ப் பக்கம் போகிறது என்று பொருள். வடக்கே வாவ்ர் பக்கம் போயிருந்தால் வெல்லிங்டனோடு கைகோக்கப் போகிறது என்று பொருள். புளூஷரைக் காணாத அந்த இரவில் படைத்தலைமை அதிகாரி நைசெனாவ் வாவ்ரைத் தேர்ந்தெடுத்தார். ஆயிரக்கணக்கான ஓடுகாலிகள் மட்டும் கிழக்கே கலைந்து ஓடினார்கள். விடிந்ததும் வேவுக்குப் போன பிரெஞ்சுக் குதிரைப்படைத் தளபதி பாஜோலின் குதிரைகள் கிழக்கே நாமூர் ஊருக்குப் போகும் சாலையில் கண்டது இந்தக் கும்பலையும் கைவிடப்பட்ட பீரங்கிகளையும்தான். எதிரி கிழக்கே ஓடுகிறான் என்ற எண்ணம் அங்கே விழுந்தது.

17ஆம் தேதி விடியற்காலையிலேயே உத்தரவு கேட்டு நெப்போலியனின் இருப்பிடத்துக்கு வந்துவிட்டார் குரூஷி. பேரரசர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்த பிறகு போர்க்களத்தைச் சுற்றிப் பார்த்தார், காயம்பட்டவர்களோடு பேசினார், பாரிஸ் அரசியலைப் பற்றி அளவளாவினார். மார்ஷல் கூடவே குதிரையில் போய்க்கொண்டிருந்தார். பிரஷ்யர்களைத் துரத்து என்ற கட்டளை வாயிலிருந்து வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. தோற்ற எதிரிக்கு இரவு முழுவதும், காலை முழுவதும் அவகாசம். குரூஷி செய்த எந்தத் தாமதத்தைக் கணக்கெடுத்தாலும், முதல் வரியில் நெப்போலியனின் இந்த அரைநாளை எழுதியாக வேண்டும்.

பிற்பகலில் பெருமழை கொட்டியது. வண்டிப் பாதைகள் சேறாயின. சுமார் பத்துக் கிலோமீட்டரைக் கடந்து காலாட்படை ஜாம்ப்ளூ ஊரை அடையும்போது இரவாகிவிட்டது. இதற்கிடையே ஒரு வாய்ப்பு கைநழுவியது. அன்று காலையிலேயே குரூஷியின் கீழிருந்த தளபதி எக்செல்மானின் டிராகூன்கள் ஜாம்ப்ளூவில் ஒரு முழுப் பிரஷ்ய அணி ஓய்வெடுப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். கண்டார்கள், ஆனால் செய்தி உடனே போகவில்லை. பிற்பகலில் அந்த அணி எழுந்து நடந்தபோது தொட்டுத் தொடர்ந்து போகவும் இல்லை. இரவு பத்து மணிக்கு குரூஷி பேரரசருக்கு எழுதிய கடிதத்தில் எதிரி இரண்டாகப் பிரிந்திருப்பதாகத் தெரிகிறது, ஒரு பகுதி வாவ்ர் பக்கம், இன்னொன்று லியேஜ் பக்கம் என்கிறார். பெரும்பகுதி வாவ்ருக்குப் போகிறது என்று தெரிந்தால் அவர்களை வெல்லிங்டனிடமிருந்து பிரிக்கும் விதத்தில் தொடர்வேன் என்றும் எழுதுகிறார். செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

விடிவதற்குள் நிலைமையும் தெளிவாகிவிட்டது: பிரஷ்யர்கள் வாவ்ரில். இங்கேதான் அந்தத் தவறு.

நிலப்படம் கடினமானதல்ல. வாவ்ர் ஊர் வழியே வடக்கு நோக்கி ஓடுகிறது தீல் என்ற சிற்றாறு. அதன் மேற்கே, நெப்போலியனும் வெல்லிங்டனும் எதிரெதிரே நிற்கும் வாட்டர்லூ மேடு. கிழக்கே குரூஷி. வாவ்ருக்குத் தெற்கே மூஸ்தியே, ஓத்தினியி என்ற இடங்களில் பாலங்கள். ஜாம்ப்ளூவிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஜூன் மாதத்தில் அங்கே நான்கு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். நான்கு மணிக்குப் புறப்பட்டு அந்தப் பாலங்களைக் கடந்திருந்தால், முற்பகலுக்குள் ஆற்றின் மேற்குக் கரையில், புளூஷருக்கும் வெல்லிங்டனுக்கும் நடுவே, பேரரசருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருப்பார். பாலங்களில் எதிர்க்க ஆளும் இல்லை. அங்கே குதிரைவீரர்களை அனுப்பிப் பார்த்திருந்தாலே அது தெரிந்திருக்கும். அவர் வேவுக்கு அனுப்பியவர்கள் வடக்கேயும் கிழக்கேயும் போனார்கள். இடப்பக்கம், தனக்கும் பேரரசருக்கும் நடுவிலிருந்த அந்த வெளி, கண் வைக்காமல் விடப்பட்டது. காலாட்படையோ காலை ஏழு, எட்டு மணிக்குத்தான் நகரத் தொடங்கியது. இரண்டு பெரும் அணிகளும் ஒரே சாலையில், ஒன்றன்பின் ஒன்றாக.

வாளெடுத்துப் பாயத் தெரிந்தவர், அடிபட்டு நிற்கத் தெரிந்தவர், அன்று வேவிலும் தொடர்பிலும் தவறினார். அவருடைய வாழ்நாள் தொழில் அது என்பதால் எனக்கு இது மன்னிக்கக் கடினமாகவே இருக்கிறது.

அடுத்த காட்சி எல்லோரும் அறிந்தது. வாலேன் கிராமத்தில் நோட்டரி ஒருவரின் வீடு. மணி பதினொன்றரை வாக்கில் மார்ஷல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், ஸ்ட்ராபெர்ரி வருகிறது. தோட்டத்தில் நின்றவர்களுக்கு மேற்கே முழக்கம் கேட்கிறது. சில அதிகாரிகள் தரையில் காதை வைத்துக் கேட்கிறார்கள். சத்தம் வரும் திசைக்குப் போக வேண்டும் என்கிறார் ஜெரார். குரூஷி மறுக்கிறார். ஆங்கிலேயர் நின்றால் இன்று தாக்குவேன் என்று பேரரசர் நேற்றே சொன்னார், எனக்கு இட்ட வேலை பிரஷ்யர்களைத் தொடர்வது என்கிறார். என் அணியை மட்டுமாவது அனுப்புங்கள் என்று ஜெரார் கேட்கிறார். படையைப் பிரிக்க முடியாது என்று பதில் வருகிறது. கீழதிகாரிகள் எதிரிலேயே நடந்த வாக்குவாதம். ஜெராரின் தொனியும் மார்ஷலின் மனதை இறுக்கியிருக்கும்.

சரி, ஒப்புக்கொண்டிருந்தால்? வாலேனிலிருந்து வாட்டர்லூ களத்தின் வலக்கோடியிலிருக்கும் பிளான்ஸ்நுவா கிராமம் 20 கிலோமீட்டருக்கு மேல். முதல்நாள் மழையில் ஊறிய கிளைப்பாதைகள், நடுவே ஆறு, குறுகிய பாலங்கள், கூடவே பீரங்கி வண்டிகள். பகல் பன்னிரண்டுக்குத் திரும்பினால் இரவு ஏழு, எட்டுக்கு முன் காலாட்படை போய்ச்சேராது. பிரஷ்யத் தளபதி பியூலோ தன் அணியோடு விடியற்காலையே கிளம்பி, நாலரை மணிக்கெல்லாம் நெப்போலியனின் வலப்பக்கத்தைத் தாக்கத் தொடங்கிவிட்டார். அன்று மாலைக்குள் களத்துக்கு வந்த பிரஷ்யர்கள் சுமார் 50,000 பேர். அவர்களில் ஒரு பகுதியை குரூஷி தடுத்துத் தாமதப்படுத்தியிருக்கலாம். தோல்வி இவ்வளவு பெரிய சிதறலாக முடியாமல் இருந்திருக்கலாம். அதற்கு மேல் சொல்வது ஆசை.

நெப்போலியனே அன்று காலை பத்து மணிக்கு, தன் படைத்தலைமை அதிகாரி சூல்ட் மூலம் எழுதி அனுப்பிய கடிதத்தில் வாவ்ரை நோக்கிப் போகுமாறுதான் குரூஷிக்குச் சொல்கிறார். அது வந்து சேர்ந்தது பிற்பகல் நான்கு மணி வாக்கில். உடனே வந்து எங்களோடு சேர், பியூலோ தெரிகிறான் என்று பகல் ஒரு மணிக்கு எழுதிய கடிதம் கிடைத்தபோது மாலையாகிவிட்டது. அந்த வேளையில் குரூஷி வாவ்ரில், டீல்மானின் பிரஷ்ய அணியோடு பாலங்களுக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார். ஜெரார் மார்பில் குண்டுபட்டு விழுந்தார். லிமால் பாலத்தைப் பாஜோலின் ஹுஸார்கள் (இலகு குதிரைவீரர்கள்) பாய்ந்து பிடித்தார்கள்.

மறுநாள் 19ஆம் தேதி காலை டீல்மானைத் தோற்கடித்த கையோடு செய்தி வந்தது: பேரரசரின் படையே இல்லை. வடக்கே வென்ற பிரஷ்யர்கள், மேற்கே வெல்லிங்டன், நடுவே எதிரி நாட்டில் இந்தப் படை மட்டும் தனியாக. இதற்குப் பிறகு நடந்ததை ஏன் யாரும் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. அன்றே குதிரைகளை முன்னால் ஓட்டி நாமூர் பாலங்களைப் பிடிக்கச் செய்தார். காயம்பட்டவர்களையும் பீரங்கிகளையும் முதலில் அனுப்பினார். நாமூர் வாயில்களில் தளபதி தெஸ்தின் சிறு பிரிவு பிரஷ்யர்களை அடித்துத் தடுத்து நிறுத்த, மற்றவர்கள் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே 21ஆம் தேதி பிரெஞ்சு எல்லையிலிருக்கும் ஜிவே கோட்டைக்குள் வந்து சேர்ந்தார்கள். வாட்டர்லூவுக்குப் பின் பிரான்சிடம் ஒழுங்கு குலையாமல் மிஞ்சியிருந்த பெரிய படை அது. நோவியில் 14 காயத்தோடு பின்காவல் நின்ற மனிதரின் கைத்திறன் இதில் தெரிகிறது.

மன்னராட்சி திரும்பியதும் தேடப்படுவோர் பட்டியலில் அவர் பெயரும் வந்தது. அமெரிக்காவுக்குத் தப்பி ஃபிலடெல்ஃபியாவில் வாழ்ந்தார். செயின்ட் ஹெலீனாவிலிருந்து வந்த குற்றச்சாட்டுகளை அங்கேயிருந்துதான் படித்தார், அங்கேயிருந்தே மறுப்பு அச்சிட்டார். மன்னிப்புக் கிடைத்துத் திரும்பிய பிறகும் மார்ஷல் பட்டம் உடனே வரவில்லை. 1831இல்தான் மீண்டும் தரப்பட்டது. ஜெராரோடு துண்டுப்பிரசுரச் சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1847 மே 29 அன்று குரூஷி இறந்தார். பிறகு பேரன் ஐந்து தொகுதிகளில் தாத்தாவின் ஆவணங்களை வெளியிட்டார்.

இந்த வாதத்தில் அவருக்கு அதிகம் கேடு செய்தது அவரே சொன்ன ஒன்று. 17ஆம் தேதி எழுத்தில் எந்த உத்தரவும் வரவில்லை, வாய்மொழிதான் என்று நீண்ட காலம் சாதித்தார். ஆனால் நெப்போலியன் சொல்லச் சொல்ல, உடனிருந்த தளபதி பெர்த்ரான் எழுதிய ஆணை ஒன்று இருந்தது. 1842இல், குரூஷி உயிரோடிருக்கும்போதே, அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்பு ஒன்றில் அது அச்சில் வந்துவிட்டது. ஜாம்ப்ளூவுக்குப் போ, நாமூர், மாஸ்ட்ரிக்ட் பக்கம் வேவு பார் என்கிறது அந்த ஆணை. அவரைக் கிழக்கே திருப்பிவிட்டவர் நெப்போலியன்தான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். எதிரிகள் இருவரும் ஒன்றுசேர்ந்து பிரஸ்ஸல்ஸைக் காக்க இன்னொரு போருக்குத் துணிவார்களா என்று கண்டறி என்றும் அது சொல்கிறது. கூடவே, தலைமையிடத்தோடு தொடர்பு அறாமலிருக்க இடையிடையே குதிரைப்படைப் பிரிவுகளை நிறுத்திவை என்றும் சொல்கிறது. வாலேனில் ஜெரார் கேட்டது அப்போது கையிலிருந்த எந்த ஆணையிலும் இல்லை. இந்தக் கடைசி வரி ஆணையிலேயே இருந்தது, அதைத்தான் அவர் செய்யவில்லை.